வட்டு எழுதாவிட்டால் கணிப்பொறி சொல்லுமா?



சில ஆண்டுகளுக்கு முன், அறிவியல் கண்காட்சிக்கு முந்திய நாள் மாலை. மாணவி ஒருத்தி மூன்று வாரம் உழைத்துத் தயாரித்த கட்டுரையைக் கணிப்பொறி ஆய்வகத்தில் தன் பென் டிரைவுக்கு மாற்றினாள். வேலை முடிந்தது என்று திரை காட்டியது. பலர் புழங்கும் பொறியாதலால் அதிலிருந்த மூலப் பிரதியை ஒழுங்காக அழித்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள். அச்சுக் கடையில் திறந்து பார்த்தபோது கோப்பின் பெயர் மட்டுமே இருந்தது. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

மறுநாள் காலை அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "சேவ் பண்ணினேன் டீச்சர், மாதா மேல சத்தியம்!" என்றாள். நான் நம்பவில்லை. "செய்யாத வேலைக்குச் சத்தியம் வேறா?" என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கணிப்பொறி அவளிடம் என்ன சொன்னதோ அதைத்தான் அவள் என்னிடம் சொன்னாள். அப்படியானால் கணிப்பொறி பொய் சொன்னதா? "எழுதிவிட்டேன்" என்று அது சொல்வதன் உண்மைப் பொருள் என்ன? எழுத முடியாமற்போனால் அதை யாரிடம், எப்போது சொல்லும்? சொல்கிறதா இல்லையா என்று எப்படிச் சோதித்தறிவது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இடையில் நிற்பவர்

கட்டுரை தட்டச்சு செய்யும் நிரலும் மதிப்பெண் கூட்டும் நிரலும் வட்டை நேராகத் தொடுவதில்லை. நிரலுக்கும் வட்டுக்கும் இடையே ஆபரேட்டிங் சிஸ்டம் என்னும் இயக்க அமைப்பு நிற்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஓ.எஸ். ஆகியவை நமக்குத் தெரிந்த இயக்க அமைப்புகள். நிரல் எதை எழுத விரும்பினாலும் இயக்க அமைப்பிடந்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சியை உவமையாகக் கொள்வோம். வகுப்புத் தலைவி அன்றைக்கு வராதவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அட்டெண்டரிடம் கொடுக்கிறாள். அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருமுறை அலுவலகத்துக்கு நடப்பதில்லை. எல்லா வகுப்புச் சீட்டுகளையும் கூடையில் சேர்த்துக்கொண்டு ஒரே நடையில் கொண்டுபோகிறார். தலைவி வகுப்புக்குத் திரும்பி, "சீட்டைக் கொடுத்துவிட்டேன், டீச்சர்" என்கிறாள். அது உண்மைதான். ஆனால் அலுவலகப் பேரேட்டில் அந்தப் பெயர்கள் இன்னும் ஏறவில்லை.

இயக்க அமைப்பும் இப்படியே செய்கிறது. நிரல் கொடுத்ததைத் தன் நினைவகத்திலுள்ள ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "ஆயிற்று" என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. பெரும்பாலான லினக்ஸ் பொறிகளில் இக்கூடை 4096 எழுத்தளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்னும் வட்டில் ஏறாத பக்கத்துக்கு 'அழுக்குப் பக்கம்' என்று பெயர். வட்டில் ஏறிவிட்டால் அது 'தூய பக்கம்'. லினக்ஸின் வழக்கமான ஏற்பாட்டின்படி, 5 வினாடிக்கு ஒருமுறை ஒரு பணியாள் எழுந்து கூடையைப் பார்ப்பான். 30 வினாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்புவான். மாணவியின் பென் டிரைவ் பிடுங்கப்பட்டது இந்த இடைவேளையில்தான்.

ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்பீர்கள். வேகந்தான் காரணம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவர ஒரு வினாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. நினைவகத்துக்கோ ஏறக்குறைய வினாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 80,000 மடங்கு. சுழலும் தட்டு இல்லாத இக்காலத்து எஸ்.எஸ்.டி. வட்டு இதைவிட மிக விரைவானது. ஆயினும் நினைவகத்துக்கு ஈடாகாது. ஒவ்வோர் எழுத்துக்கும் வட்டுக்காகக் காத்திருந்தால் நிரல்களின் வேலை மிகவும் தாமதமாகும்.

இரு வகைப் பிழைகள்

நிரல் எழுதச் சொல்லும் கட்டளைக்கு 'ரைட்' என்று பெயர். இயக்க அமைப்பு அதற்கு ஓர் எண்ணை விடையாகத் தருகிறது. எத்தனை எழுத்துகளை ஏற்றுக்கொண்டது என்பதே அவ்வெண். முடியாவிட்டால் 'கழித்தல் ஒன்று' என்ற விடை வரும்; கூடவே காரணத்தைக் குறிக்கும் பிழை எண்ணும் கிடைக்கும். லினக்ஸில் 28 என்றால் வட்டில் இடமில்லை. 5 என்றால் உள்ளிடு-வெளியீட்டுப் பிழை, அதாவது வட்டே எழுத மறுத்துவிட்டது.

இவற்றுள் இடமில்லை என்னும் பிழை பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். கூடை நிரம்பி வழிந்தால் அட்டெண்டர் வாசலிலேயே சீட்டைத் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது. ஆனால் வட்டு பழுதானதால் வரும் பிழை அப்படியன்று. சீட்டை வாங்கியாயிற்று, தலைவியும் போய்விட்டாள். அரைமணி கழித்து அலுவலகக் கதவு பூட்டியிருப்பது தெரிகிறது. இப்போது அட்டெண்டர் யாரிடம் சொல்வார்? கணிப்பொறியில் சீட்டைக் கொடுத்த நிரல் அதற்குள் வேலையை முடித்து மறைந்தேகூடப் போயிருக்கலாம்.

இதற்காகவே 'எஃப்சிங்க்' என்னும் இரண்டாம் கட்டளை ஏற்பட்டது. "இந்தக் கோப்புக்குரிய அழுக்குப் பக்கங்கள் எல்லாவற்றையும் இப்போதே வட்டில் ஏற்று, ஏறும்வரை நான் காத்திருக்கிறேன், பிழை நேர்ந்தால் என்னிடம் சொல்" என்பது அதன் பொருள். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, தேர்வு மதிப்பெண் போன்றவற்றைக் காக்கும் நிரல்கள் பலவும் இக்கட்டளையை நம்பி நிற்கின்றன. இதிலும் இயக்க அமைப்புகளிடையே வேறுபாடு உண்டு. ஆப்பிள் கணிப்பொறிகளில் எஃப்சிங்க் விவரங்களை வட்டின் வாசல்வரைதான் கொண்டுசேர்க்கும். வட்டு தனக்குள் வைத்திருக்கும் சிறு கூடையையும் காலி செய்விக்க வேண்டுமானால் அதற்கென்று தனிக் கட்டளை ஒன்று தர வேண்டும்.

2018இல் நேர்ந்த அதிர்ச்சி

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியர் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தரவுத்தளம். எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய இது, தரவை இழக்காமல் காப்பதில் நற்பெயர் பெற்றது.

வணிகவியல் பயிலும் மாணவியருக்கு இது வேலை செய்யும் முறை எளிதில் விளங்கும். கணக்குப் பதிவியலில் முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பிறகு பேரேட்டுக்கு எடுத்து எழுதுகிறோம் அல்லவா? போஸ்ட்கிரெஸும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் பதிந்து, எஃப்சிங்க் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறது. பேரேடாகிய தரவுக் கோப்புகளில் பிறகு சாவகாசமாக எழுதுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பேரேட்டையும் எஃப்சிங்க் செய்து, "சரி" என்ற விடை வந்ததும், பழைய குறிப்பேட்டுப் பக்கங்கள் இனி வேண்டியதில்லை என்று கழித்துவிடுகிறது. மின்சாரம் நின்றாலும் பொறி விழுந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். பேரேடு உறுதியாகாமல் குறிப்பேட்டைக் கழித்துவிடக் கூடாது என்பதே இம்முறையின் உயிர்.

எஃப்சிங்க் பிழை தந்தால் போஸ்ட்கிரெஸ் என்ன செய்துவந்தது? சிறிது நேரம் கழித்து மறுபடியும் எஃப்சிங்க் செய்தது. "முதலில் முடியவில்லை, இப்போது முடிந்தது" என்ற விடை வந்தால் நிம்மதியாகக் குறிப்பேட்டைக் கழித்தது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது.

2018 மார்ச்சு மாதம் கிரேக் ரிங்கர் என்னும் பொறியாளர், வட்டுப் பிழைக்குப் பின் தரவு இழந்த ஒரு நிகழ்ச்சியை ஆராய்ந்து, இந்த நம்பிக்கையே தவறு என்று போஸ்ட்கிரெஸ் குழுவினருக்கு எடுத்துக்காட்டினார். லினக்ஸில் ஒரு பக்கத்தை வட்டில் எழுத முடியாமற்போனால், இயக்க அமைப்பு பிழையைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் தூய பக்கம் என்று முத்திரையிட்டுவிடுகிறது! முதல் எஃப்சிங்க் பிழையைச் சொல்லிவிடும். இரண்டாம் எஃப்சிங்க் வரும்போது எழுத வேண்டிய அழுக்குப் பக்கம் எதுவுமே இல்லை. ஆகவே "எல்லாம் சரி" என்ற விடை வருகிறது. அதை நம்பிக் குறிப்பேட்டைக் கழித்தால், அந்த விவரம் பேரேட்டிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை.

எழுதாத பக்கத்தைத் தூயது என்பது அநியாயம் அல்லவா? லினக்ஸ் உருவாக்குவோர் அதற்கொரு காரணம் கூறினர். எழுதிக்கொண்டிருக்கையில் யாராவது பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால், அதற்குரிய பக்கங்களை இனி ஒருநாளும் எழுத முடியாது. அவற்றை அழுக்குப் பக்கங்களாகவே வைத்திருந்தால் நினைவகம் மெல்ல மெல்ல நிரம்பி, பொறி முழுவதும் நின்றுபோகும். நம் மாணவியைப் போன்றவர்கள் உலகெங்கும் உள்ளனர் என்பதை அவர்கள் அறிந்தே வைத்திருந்தனர்! ஆயினும் எல்லாரும் இவ்வழியில் செல்லவில்லை. ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் இயக்க அமைப்பு, பிழை நேர்ந்த பின்னும் பக்கத்தை அழுக்காகவே வைத்துக்கொண்டு மறுபடியும் எழுத முயல்கிறது.

பலகையில் எழுதிய செய்தி

இன்னொரு குறையும் வெளிப்பட்டது. பழைய லினக்ஸில் ஒரு கோப்புக்கு ஒரே பிழைக் குறிப்புத்தான் இருந்தது. அலுவலக வாசலில் தொங்கும் கரும்பலகையாக அதை எண்ணிக்கொள்ளுங்கள். "சீட்டு சேரவில்லை" என்று அட்டெண்டர் அதில் எழுதி வைக்கிறார். முதலில் வருபவள் அதைப் படித்துவிட்டு அழித்துவிடுகிறாள். அந்தச் செய்தி அவளுக்கு உரியதா என்ற கேள்வியே இல்லை. உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவள் பின்னால் வந்து வெறும் பலகையைப் பார்த்து, எல்லாம் நலம் என்று திரும்பிப் போகிறாள்.

2017 செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.13 பதிப்பில் இது மாற்றப்பட்டது. பலகைச் செய்திக்கு வரிசை எண் கொடுக்கப்பட்டது. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தாம் கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்திருப்பர். எஃப்சிங்க் செய்கையில் எண் மாறியிருந்தால் அவர்களுக்குப் பிழை சொல்லப்படும். இதனால் ஒருவர் படித்ததால் மற்றவர் அறியாமற்போகும் குறை நீங்கியது. ஆனால் பக்கத்தைத் தூயது என்று சொல்லும் வழக்கம் நீங்கவில்லை. ஒருவருக்குப் பிழை ஒருமுறைதான் சொல்லப்படும்; அந்த ஒருமுறையைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

போஸ்ட்கிரெஸ் குழுவினர் 2019 பிப்ரவரி 14 அன்று திருத்திய பதிப்புகளை வெளியிட்டனர். இனி எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுமுறை கேட்பதில்லை. தரவுத்தளம் உடனே தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது; மீண்டும் எழுந்து, குறிப்பேட்டைப் படித்துப் பேரேட்டை எழுதுகிறது. அதே மாதம் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் தோமாஸ் வோந்த்ரா என்னும் பொறியாளர் இதைப்பற்றிப் பேசினார். 20 ஆண்டுகளாக எஃப்சிங்க் கட்டளையைத் தவறாகப் பயன்படுத்தி வந்தது எப்படி நேர்ந்தது என்பதையே தம் உரைக்குத் தலைப்பாக வைத்தார். தம் பிழையைத் தாமே மேடையேறிச் சொல்லும் துணிவைப் பாராட்ட வேண்டும்.

சோதிப்பது எவ்வாறு?

20 ஆண்டு இது வெளிப்படாதிருந்ததற்குக் காரணம் உண்டு. நல்ல வட்டு எப்போதாவதுதான் தவறுகிறது. தவறும் நேரத்தில் பார்ப்பதற்கு யாரும் அருகில் இருப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கையேட்டில் "பிழை நேர்ந்தால் தெரிவிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பிழையை நாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டும்.

அதற்காக நல்ல வட்டைச் சுத்தியலால் அடிக்க வேண்டியதில்லை. லினக்ஸில் 'டிவைஸ் மேப்பர்' என்னும் வசதி உண்டு. உண்மையான வட்டுக்கு முன்னால் ஒரு பொய்வட்டை நிறுத்தலாம். "இந்த எண்ணுள்ள கட்டத்தில் எழுத வந்தால் மட்டும் முடியாது என்று சொல், மற்றவற்றை விட்டுவிடு" என்று அதற்குக் கட்டளையிடலாம். அதன்மேல் கோப்பு முறை ஒன்றை அமைத்துவிட்டால், மேலுள்ளவர்களுக்கு இது நாடகம் என்பதே தெரியாது. பிறகு சோதனை நிரல் ஒன்று வரிசையாகச் சில வேலைகளைச் செய்யும்:

1. கோப்பில் பழைய விவரத்தின்மேல் புதிய விவரத்தை எழுதும். என்ன விடை வந்தது என்று குறித்துக்கொள்ளும்.
2. எஃப்சிங்க் செய்யும். பிழை சொல்லப்பட்டதா?
3. மறுபடியும் எஃப்சிங்க் செய்யும். இப்போது என்ன விடை?
4. கோப்பைப் படிக்கும். பழையது வருகிறதா, புதியதா?
5. நினைவகக் கூடையைக் காலி செய்துவிட்டு மறுபடியும் படிக்கும். இப்போது எது வருகிறது?

நான்காம், ஐந்தாம் படிகளை நன்றாகக் கவனியுங்கள். எழுதியதை உடனே படித்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று நாம் திருப்தியடைகிறோம். அது வட்டிலிருந்து வந்ததன்று. நினைவகத்தில் நாம் வைத்ததே நமக்குத் திரும்பி வந்தது. ஐந்தாம் படியில்தான் வட்டின் உண்மை நிலை வெளிப்படும்.

இத்தகைய ஆய்வில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளனர். 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கோப்பு முறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுபாவத்தைக் காட்டின. லினக்ஸின் எக்ஸ்ட்-3 எழுதும்போது நேரும் பிழைகளைப் பலமுறை கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டது. ரைசர் எஃப்.எஸ். என்பது, சிறு பிழைக்கும் பயந்து பொறியையே நிறுத்தியது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். விடாமல் பன்முறை முயன்று பார்த்தது.

2008இல் அவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். லினக்ஸின் நிரல் வரிகளையே ஆராய்ந்து, கீழிருந்து வரும் பிழை எண் மேலே சரியாகக் கொண்டுசெல்லப்படுகிறதா என்று பார்த்தனர். 1153 இடங்களில், அதாவது ஆராய்ந்த அழைப்புகளில் நூற்றுக்கு 13இல், பிழை எண் வழியிலேயே கைவிடப்பட்டிருந்தது. வட்டு உண்மையைச் சொல்லிவிட்டது. இடையிலிருந்தவர்கள்தாம் அதை மேலே சொல்லவில்லை.

2020இல் எஃப்சிங்க் தோல்வியையே தனியாக எடுத்து ஆராய்ந்தனர். எக்ஸ்ட்-4, எக்ஸ்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்னும் மூன்று கோப்பு முறைகளும் தோல்விக்குப் பின் பக்கத்தைத் தூயது என்றே குறித்தன. ஆனால் நான்காம் படியில் வேறுபட்டன. முதல் இரண்டிலும் புதிய விவரமே படிக்கக் கிடைத்தது. வட்டிலோ பழையதே இருந்தது. மூன்றாவது கோப்பு முறை பழைய நிலைக்கே திரும்பிச் சென்றது. எக்ஸ்ட்-4 முறையை ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டில் வைத்தால், பிழையை அந்த எஃப்சிங்கில் சொல்லாமல் அடுத்த எஃப்சிங்கில்தான் சொல்லியது! போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.லைட், ரெடிஸ், லெவல் டி.பி., எல்.எம்.டி.பி. என்னும் ஐந்து நிரல்களையும் அவர்கள் சோதித்தனர். இவை கையாளும் வழிகள் பலவாயினும், எதுவும் முற்றிலும் போதுமானதன்று என்பதே முடிவு. நிரல் விழுந்து மீண்டும் எழும்போதுகூட, வட்டிலிருந்து படிப்பதாக எண்ணிக்கொண்டு நினைவகத்துப் பிரதியையே படித்து ஏமாறக்கூடும்.

நாமே செய்து பார்க்கலாம்

மேலே சொன்ன சோதனைக்குப் பயிற்சி வேண்டும். ஆனால் ஒரு சிறு சோதனையை நம் ஆய்வகத்திலேயே செய்யலாம். லினக்ஸ் உள்ள பொறியில் '/டெவ்/ஃபுல்' என்றொரு கோப்பு எப்போதும் இருக்கும். எதை எழுதினாலும் "இடமில்லை" என்று சொல்வதற்கென்றே வைக்கப்பட்ட பொய்க்கோப்பு அது. சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் நீங்கள் எழுதிய முதல் நிரலை, "ஹலோ" என்று ஒரு வரி அச்சிடும் அதே நிரலை, திரைக்குப் பதிலாக இக்கோப்பில் எழுதும்படி திருப்பிவிடுங்கள். பிறகு, நிரல் வெற்றியா தோல்வியா என்று இயக்க அமைப்பைக் கேளுங்கள். பூச்சியம், அதாவது வெற்றி என்ற விடை வரும்! ஓர் எழுத்தும் எழுதப்படவில்லை. இயக்க அமைப்பு பிழையைச் சொல்லத்தான் செய்தது. விடையைக் கேட்டு வாங்கும்படி நாம் நிரலில் எழுதவில்லை. அதே வேலையைப் பைதானின் மூன்றாம் பதிப்பில் செய்து பாருங்கள். பிழை எண் 28 என்று அது தானே அறிவிக்கும்.

ஆக, செய்தி வழியில் தொலைவது ஒருவகை; வாசல்வரை வந்த செய்தியை நாம் கேட்காமலிருப்பது மற்றொரு வகை. இரண்டாவதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது. எழுதிய பின்னும், கோப்பை மூடிய பின்னும், விடையைச் சரிபார்க்கும் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

பென் டிரைவை எடுக்குமுன் 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளையைக் கொடுத்து, அது முடியும்வரை பொறுத்திருங்கள். கூடையில் காத்திருப்பவை அப்போதுதான் உண்மையில் ஏறுகின்றன. முக்கியமான கோப்பை எழுதியபின், பென் டிரைவைக் கழற்றி மறுபடியும் செருகித் திறந்து பாருங்கள். கழற்றாமல் படிப்பது சான்றாகாது. அதுவரை மூலப் பிரதியை அழிக்காதீர்கள். பழைய கோப்பின்மேலேயே எழுதாமல், புதிய பெயரில் எழுதி உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு பெயரை மாற்றுவது நிரல் எழுதுவோர் கைக்கொள்ளும் நல்ல முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எழுத முடியவில்லை என்று ஒருமுறை பிழை வந்துவிட்டால், அதே பொறியிடம் மறுபடியும் கேட்டு "ஆம்" வாங்கிக்கொண்டு அமைதியடையாதீர்கள். இரண்டாம் முறை வரும் "ஆம்", எழுதப்பட்டது என்று பொருள்படாது. "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி என்னிடம் ஒன்றுமில்லை" என்றுகூட அதற்குப் பொருள் இருக்கலாம். உங்களிடமுள்ள குறிப்பேட்டுக்கு, அதாவது மூலப் பிரதிக்குத் திரும்பிச் சென்று, வேறொரு நல்ல வட்டில் முதலிலிருந்து எழுதுங்கள்.

இவற்றைப் படித்து அறிந்த பிறகு ஒருநாள் அம்மாணவியை வராந்தாவில் நிறுத்தி, "அன்றைக்கு நீ சொன்னது உண்மை, உன்னை நம்பாதது என் பிழை" என்றேன். எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டவள், தனியாகச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது என்று மனச்சான்று உறுத்தியது. அடுத்த நாள் வகுப்பிலும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை டீச்சர், இப்பல்லாம் ரெண்டு காப்பி வச்சுக்குறேன்" என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அன்று அவள் சத்தியம் செய்ய நேர்ந்தது, வெறும் சொல்லை நான் நம்ப மறுத்ததால்தான். பிழை நேர்வது இயற்கை. வட்டும் தேயும், மனிதரும் தவறுவர். நேர்ந்த பிழை, தெரிய வேண்டியவரிடம், தெரிய வேண்டிய நேரத்தில் சென்று சேர்ந்தால் இழப்பை ஈடுசெய்துவிடலாம். நாளை உங்களுள் சிலர் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நிரல் எழுதுவீர்கள். முடியாததை முடியவில்லை என்று தயங்காமல் சொல்லும் நிரல்களாக அவற்றை எழுதுங்கள். அப்படிச் சொல்லும் மனிதரிடமும் பொறியிடமும் கோபம் கொள்ளாமல் செவிகொடுங்கள்.